தாண்டவிடாத பாடம்

அவரிடம் கை கொடுத்தால் கை உடனே திரும்பி வராது. பிடித்த பிடியிலேயே வைத்துக்கொண்டு, எந்த ஊர், எந்த லைன், சாப்பாடு ஆச்சா என்று கேட்டபடி தன் கட்டை விரலால் எதிராளியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவார். சுண்டு விரல் வந்த பிறகுதான் விடுவார். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் நெளிவார்கள். பெண்களிடம் கை கொடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை, கும்பிடுவார். நாங்கள் பதிலுக்குக் கும்பிடும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், விரல்களைத்தான் பார்ப்பார். என் மோதிரத்தை எடை போடுகிறார் என்று நினைத்து ஒருநாள் எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு கரும்புச்சாறு வண்டி நிற்கும். வெயில் காலத்தில் கூட்டம் அள்ளும். இவரும் போவார். ஆனால் சாறு குடிக்கமாட்டார். வண்டிக்காரர் கரும்பை உருளைகளுக்கு நடுவில் செருகி, மறுபக்கம் வந்த சக்கையை மடித்து மறுபடி செருகும்போது, அந்தக் கை பத்திரமாக வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். கை வந்ததும் மூச்சு விடுவார். அடுத்த கரும்பு உள்ளே போகும், மறுபடி மூச்சை அடக்குவார். நான் ஒருநாள் பக்கத்தில் இருந்தபோது வண்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னா சார், டெய்லி வந்து நின்னுகினு என் கையவே பாக்கறே. ஜூஸ் வோணுமா, வோணாமா?"

"வேணாம்பா. நீ போடு."

"நீ பாத்துகினு இருந்தா எனக்கு கை நடுங்குது சார். கண்ணு படுது. அப்பால போய் நில்லு."

அவர் அப்பால் போகவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். உருளை சுற்றும் சத்தத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் தோளைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிட்டோம். ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்து உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் பயிற்சி அறையைப் பார்த்துக்கொண்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாள் உட்காரவைத்து, படம் போட்டுக் காட்டி, இயந்திரத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. நான் சேரப்பணஞ்சேரிக்காரி. அதே அறையில் அவருக்கு உதவியாக இருந்தேன். அடையாள அட்டைக்குப் படம் ஒட்டுவது, புரொஜெக்டரைப் போடுவது, அவர் சொல்வதைக் கம்ப்யூட்டரில் ஸ்லைடாகப் போட்டுக் கொடுப்பது எல்லாம் என் பாடு.

அவர் வேலையை விட்டார். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து நானும் பிள்ளைப்பேற்றுக்காக விட்டேன். குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு வெப்சைட் கட்டணும். பாடம் எடுக்கிற மாதிரி. ஆன்லைன்ல கோர்ஸ் வைக்கிறாங்களே, அது."

"அதுக்கு புரோகிராம் எழுதத் தெரியணும் சார். எனக்குத் தெரியாது."

"எழுதவே வேணாமாம். விளம்பரத்துல போட்டான். பெட்டி பெட்டியா இழுத்து வச்சா போதுமாம். வீடு கட்டுற மாதிரி."

"வீடு கட்டத் தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியாது. அதான் உன்கிட்ட வந்தேன்."

ஹெல்மெட்டைக் கழற்றுங்கள் சார் என்று நான் சொன்ன பிறகுதான் கழற்றினார்.

மறுநாளிலிருந்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். என் குழந்தை தூங்கும் நேரம்தான் எங்கள் வேலை நேரம். விளம்பரத்தில் வந்த அந்த இணையதளத்தில் கணக்கு தொடங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதரோடு மாரடிப்பது சுலபமில்லை என்று. நிபந்தனைகளைப் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு கட்டம் வருமே, உலகத்தில் யாராவது அதைப் படித்துவிட்டு டிக் அடித்திருப்பார்களா? இவர் படித்தார். முழுவதும் ஆங்கிலம். புரியாத வார்த்தையை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். குழந்தை எழுந்து, பால் குடித்து, மறுபடி தூங்கிவிட்டது. இவர் இன்னும் பாதியில்தான் இருந்தார்.

"டிக் பண்ணிட்டுப் போங்க சார். எல்லாரும் அப்படித்தான்."

"படிச்சேன்னு சொல்லச் சொல்றான்மா. படிக்காம எப்படிச் சொல்றது?"

நான் அடுத்த வார்த்தைக்கு அர்த்தம் தேட ஆரம்பித்தேன்.

தளத்தில் ஆயத்தமாகச் சில முகப்புப் பக்க மாதிரிகள் இருந்தன. எதைத் திறந்தாலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் லேப்டாப் முன்னால் காப்பிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். இவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தம்மா எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டுவிட்டு, அவளை எடுத்து வெளியே போடச் சொன்னார். அந்த இடத்தில், தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்தின் இரண்டு பச்சைப் பொத்தான்களின் படத்தை வைத்தோம். பார்ப்பதற்கு ஒன்றும் அழகில்லை. அவருக்குத் திருப்தியாக இருந்தது.

பெட்டிகளை இழுத்து வைக்க அவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார். இது வீடியோப் பெட்டி, இது எழுத்துப் பெட்டி, இது கேள்விப் பெட்டி, இது 'அடுத்து' என்கிற பொத்தான். ஒற்றை விரலால் இழுத்துக்கொண்டு வருவார். இடம் தப்பினால் பெட்டி போய் அடியில் விழும். "விழுந்துடிச்சு விழுந்துடிச்சு" என்று பதறுவார். அந்த 'அடுத்து' பொத்தானோடுதான் அவருக்கு ஓயாத சண்டை. பாடத்தைப் பார்க்காமலே அதை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போக முடிகிறது என்பது தெரிந்த அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டம்மா சொன்னார்.

பிறகு ஒருநாள் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்தார். முன் பாடத்தை முடிக்காமல் அடுத்த பாடம் திறக்காது என்று பூட்டு போடும் வசதி அது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. உடனே மாணவனாக வேஷம் போட்டு, தன் தளத்தைத் தானே ஏமாற்றப் பார்த்தார். வீடியோவுக்கு அடியில் நகரும் கோட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார், அது போனது. முகம் சுருங்கிவிட்டது. இழுப்பதைத் தடுக்க அந்தத் தளத்தில் வழியில்லை என்று நான் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, வீடியோவைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டையும் தனிப் பாடமாக வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி. துண்டைப் பார்க்காமல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. யோசனை அவருடையது, நறுக்கி நறுக்கி மணிக்கட்டு வலித்தது எனக்கு.

கடைசிப் பாடம் முடிந்ததும் திரை முழுக்க வண்ணக் காகிதப் பூ கொட்டும். அது தளத்தோடு வந்த அலங்காரம். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் குழந்தை கை தட்டியது. சாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கை பத்திரம்னு பாடம் எடுத்துட்டு எதுக்கும்மா கல்யாண வீடு மாதிரி பூ தூவுது? எடுத்துடு அதை."

எடுத்தேன். பூவுக்குப் பதில் வெறும் வெள்ளைத் திரையில், 'நாளைக்கும் இதே கையோட வா' என்று எழுதச் சொன்னார். நல்லாயிருக்கு சார் என்று மட்டும் சொன்னேன்.

வீடியோவை அவர் வீட்டு மாடி அறையில் எடுத்தோம். ஃபேன் போட்டால் குரலில் இரைச்சல் சேர்கிறது என்று நிறுத்திவிடுவார். சட்டை தொப்பலாக நனைந்துவிடும். இயந்திரம் வரும் பாடத்தை மட்டும் ஒரு நண்பரின் சின்னப் பட்டறையில் எடுத்தார். பிரஸ்ஸின் அடியில் ஒரு முருங்கைக்காயை வைத்து, இரண்டு பொத்தானையும் அமுக்குவார். இயந்திரம் இறங்கும். ஏறும். காயைக் காட்டுவார். அதற்குப் பிறகு ஒன்றுமே பேசாமல் நின்றுகொண்டிருப்பார். அந்த மௌனம் நீளமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். நான் மறுபடி கேட்டேன். "அது இருக்கட்டும்மா" என்று மறுபடி சொன்னார்.

மாடி அறையில் அவர் ஒத்திகை பார்ப்பது கீழே கேட்கும். வீட்டம்மா ஒருநாள் எனக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே மேலே கண்ணைக் காட்டினார். "பாடம் எடுக்கிறாரா, யார்கிட்டயாவது மன்னிப்பு கேக்கிறாரான்னு தெரியலம்மா. நானும் எவ்ளோ நாள்தான் கேட்டுக்கினு இருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

இனி அதைச் சொல்லிவிட வேண்டியதுதான். நான் அந்தப் பயிற்சி அறைக்கு வேலைக்குப் போன காலத்தில் அவர் இப்படி இல்லை. வேகத்துக்குப் பேர் போனவர். மற்ற தொழிற்சாலைகளில் அரை நாள் எடுக்கும் பயிற்சியை இவர் டீ வருவதற்குள் முடித்துவிடுவார். உற்பத்தி லைன்களின் சூப்பர்வைசர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். ஜோக் அடிப்பார், பையன்கள் சிரிப்பார்கள், படம் ஓடும், முடிந்தது. யாருக்கும் கொட்டாவி வராது. எனக்கும் அவரை அப்போது ரொம்பப் பிடிக்கும்.

அப்படி ஒருநாள் தெற்கேயிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, பென்னலூரில் ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு நேராக வந்தவர்கள். படம் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லைன் நிக்குது சார், ஆளை அனுப்புங்க என்று அந்தப் பக்கம் கத்துவது பின்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அவர் போனைக் காதில் வைத்தபடியே குனிந்து, லேப்டாப்பில் ஒரு விரலால் படத்தை முன்னால் ஓட்டினார். "மிச்சத்தை அங்க போய் காட்டுவாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

பிரஸ் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அது இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அடியில் மாட்டாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. வேகமாக வேலை நடக்கவேண்டும் என்று யாரோ ஒரு பொத்தானில் அட்டையை மடித்துச் செருகி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்திருக்கிறார்கள். அட்டையைக் கண்டால் இயந்திரத்தைத் தொடாதே, ஆளைக் கூப்பிடு என்று படத்தில் ஒரு பாகம் வரும். அந்தப் பெண்களில் ஒருத்தி அந்த இயந்திரத்துக்குப் போனாள். மெஷினே இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்திருக்கிறாள். இடது கையால் மிச்சமிருந்த பொத்தானை அமுக்கியபோது வலது கை தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தது. அவளுக்கு வலது கையில் கட்டை விரல்தான் மிஞ்சியது.

நிர்வாகத்தில் விசாரணை என்று உட்கார்ந்தார்கள். பயிற்சி கொடுத்தாகிவிட்டது, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் எழுந்து, "நடுவுல நான் ஓட்டிவிட்டேன் சார்" என்றார்.

"எங்கேர்ந்து எங்க ஓட்டினீங்க?"

"தெரியல சார். போன்ல பேசிக்கிட்டே ஓட்டினேன்."

"தெரியாததை எதுக்கு சார் சொல்றீங்க? உக்காருங்க."

உட்காரவைத்துவிட்டார்கள். அதுதான் அவரைத் தின்றது. அட்டையைப் பற்றிய அந்தப் பாகம் ஓடியதா, ஓடவில்லையா என்பது அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஓட்டியது நிச்சயம், எதைத் தாண்டினார் என்பது தெரியவில்லை. தாண்டிவிட்டேன் என்று ஒருநாள் நம்புவார், இல்லையோ என்று மறுநாள் நினைப்பார். பின்வரிசையில் இருந்த என்னிடம் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாக இழுத்து வைத்தோம், அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. கேட்டுவிடுவாரோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். விரலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அந்த விசாரணைக்குப் பிறகு வந்ததுதான்.

தளம் தயாரான பிறகு யார் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்து வேனில் ஏற்றி அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர், சாரைத் தேடி அவர் வீட்டுக்கே வந்தார். நானும் இருந்தேன். பாடங்களைப் பார்த்துவிட்டு உண்மையாகவே பாராட்டினார்.

"சூப்பரா கீது சார். நம்ம பாசைலயே சொல்லிக்கீறே. நான் அனுப்பற அத்தினி பேருக்கும் இதையே போட்டுடலாம். ஒண்ணே ஒண்ணுதான். அந்த 'அடுத்து' பட்டனை மட்டும் ஃப்ரீயா வுட்டுடு."

"எதுக்கு?"

"பசங்க வேன்ல வரசொல்லவே முடிச்சிடணும் சார். இது நகர மாட்டேன்னு நிக்குது."

"வேன்ல வரும்போது பாக்கட்டும். எத்தினி நாள் வேணா எடுத்துக்கட்டும். தாண்ட மட்டும் கூடாது."

"நீ ஒண்ணு சார். அங்க லைன் நிக்குது, ஆளு வோணும்னு போன் மேல போன் அடிக்கறான்."

லைன் நிக்குது என்ற வார்த்தையைக் கேட்டதும் சாரின் முகம் மாறியதைக் கான்ட்ராக்டர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். அவர் எழுந்து போய் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார். அவருடைய வீடு, அவரே வெளியே போய் நிற்கிறார். கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. இவ்வளவு உழைப்பும் யாருக்கும் போய்ச் சேராமல் கிடக்கவேண்டுமா?

"கொஞ்சம் திறந்து வுட்டா நெறைய பேரு பாப்பாங்க சார். முழுசா இல்லன்னாலும் பாதியாவது பாப்பாங்க."

"எந்தப் பாதிம்மா?" என்று கேட்டார்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் பேசவில்லை. அந்த நாட்களில் தளத்துக்கு ஒருவரும் வரவில்லை. யார் வந்தார்கள் என்று காட்டும் மாணவர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசலைப் பார்ப்பவர் போல அவர் உட்கார்ந்தே இருக்கிறார் என்று வீட்டம்மா போனில் சொன்னார். மனசு கேட்காமல் நான்தான் அந்த லிங்க்கைப் பென்னலூர் ஹாஸ்டல் வார்டனுக்கு அனுப்பினேன். என்னோடு தையல் வகுப்புக்கு வந்தவள் அவள். ஹாஸ்டல் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சில பேர் பார்க்க ஆரம்பித்தார்கள். சிலர் பாதியில் விட்டார்கள். விட்டவர்களுக்கு இவர் உட்கார்ந்து, ஏம்மா நிறுத்திட்ட, எது புரியல என்று ஒற்றை விரலால் எழுதி அனுப்புவார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே கேள்வி கேட்க ஓர் இடம் வைத்திருந்தோம். அதில் யாரும் ஒன்றும் எழுதியதில்லை. ஒருநாள் மத்தியானம் வெயிலில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்தார். போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். பொத்தான் பாடத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா. என்னைய ஞாபகம் இருக்கும்னு நெனைக்கேன். பிரஸ்ல கை போனவ. ஹாஸ்டல் குரூப்ப விட்டு நான் இன்னும் வெளிய போகல, அதுல இந்த லிங்க் வந்துச்சு. எல்லாப் பாடமும் பாத்துட்டேன். இங்க ஊர்ல ஒரு செல்போன் கடையில வேலை பாக்கேன், இடது கையில நல்லா எழுதப் பழகிட்டேன். சார், இந்த பட்டன் பாடத்த அன்னைக்கே நீங்க போட்டீங்க. நாந்தான் தூங்கிட்டேன். நைட்டெல்லாம் பஸ்ல வந்தோம்லா, அந்த அலுப்பு. நீங்க மனசுல எதையும் வச்சுக்கிடாதீங்க."

நான் படித்து முடிக்கும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டார். இத்தனை வருஷம் நான் பயந்த கேள்வியைக் கேட்டேவிட்டார்.

"நீ பின்னாடி உக்காந்திருந்தியே. அந்தப் பாகம் ஓடிச்சாம்மா?"

"ஓடிச்சு சார்."

பொய். இன்றைக்கு அவர் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். படத்தில் மஞ்சள் நிற பிரஸ் இயந்திரம் வந்த நொடியில் அவர் விரல் அதை ஓட்டியது. அடுத்து வந்தது கேன்டீனும் கை கழுவும் இடமும்தான். அந்தப் பெண்ணும் பொய் சொல்லியிருந்தாள். அன்றைக்கு அறையில் பாதிப் பேர் தூங்கி விழுந்தார்கள். அவள் தூங்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, படத்தின் குரல் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று அடையாள அட்டையில் அவள் படத்தை ஒட்டும்போது நான் நினைத்தேன். விரல்களைப் பறிகொடுத்தவள் அவருக்காக ஒரு பொய்யை எழுதி அனுப்புகிறாள், பின்வரிசையில் இருந்த நான் அதற்குச் சாட்சி சொல்கிறேன். இரண்டு பேரும் கலந்து பேசிக்கொண்டதுகூட இல்லை.

இறங்கிவிட்டது பாரம், இனி தூங்குவார் என்று நினைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் செம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு தூங்கறதை நான் பாக்கல" என்றார். "முன்னாடியே உக்காந்திருந்தா. தொட்டு எழுப்பற தூரம். எழுப்பலையே. என்னத்தைப் பாத்துக்கினு நின்னேன் நான்?"

இதற்கு மேல் என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை. அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரமே மாடி அறையில் புதிதாக ஒன்றை எடுத்தார். இந்தத் தடவை என்னைக் கூப்பிடவில்லை, பெட்டிகளை அவரே இழுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு துண்டுப் பாடத்துக்கும் நடுவில் அவர் முகம் மட்டும் வரும். கிட்டத்தில் வந்து குனிந்து பார்ப்பார். "முழிச்சிருக்கியாம்மா?" என்று கேட்பார். கீழே இரண்டு பொத்தான்கள். 'முழிச்சிருக்கேன்' என்று அமுக்கினால் பாடம் தொடரும். இன்னொன்றில் 'இல்ல' என்று எழுதியிருக்கும். விடையைப் பொறுத்து வழி பிரிகிற அந்த வேலை அந்தத் தளத்திலேயே கஷ்டமானது. எனக்கு வராது. எப்படிக் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வீட்டம்மா லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். தளத்துக்கான சந்தாவை நான்தான் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். என் கணவருக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

பென்னலூர் ஹாஸ்டலில் புதிதாக எந்தப் பெண் வந்தாலும், முதல் ஷிப்டுக்கு அனுப்பும் முன் வார்டன் அவளை உட்காரவைத்து முழுப் பாடத்தையும் போட்டுக் காட்டிவிடுகிறாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒரே போனில் பார்ப்பார்களாம். அவர் குனிந்து கேட்கும்போதெல்லாம், "முழிச்சிருக்கோம் சார்" என்று வாய்விட்டுச் சொல்வார்களாம். அவர் இறந்துபோனவர் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பயந்துகொள்வார்கள் என்கிறாள்.

'இல்ல' என்பதை எந்தப் பெண்ணும் அமுக்கியதாகக் கணக்குப் பக்கத்தில் தெரியவில்லை. நான் அமுக்கியிருக்கிறேன். சும்மா என்ன வரும் என்று பார்க்கத்தான் முதலில் அமுக்கினேன். அவர் முகம் வந்தது. கோபமே இல்லை. "பரவால்ல. போய் மூஞ்சி கழுவிக்கினு வா. நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்" என்றார். அதோடு வீடியோ நின்றுவிடும். 'வந்துட்டேன்' என்று ஒரு பொத்தான் கீழே காத்திருக்கும். அதை அமுக்கும்வரை அவர் திரையில் அப்படியே குனிந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சில நாள் மத்தியானத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதுவரைக்கும் போய்விட்டு 'வந்துட்டேன்' என்று அமுக்காமல் லேப்டாப்பை அடுப்படி மேடைமேல் வைத்துவிடுவேன். அமுக்கினால் பாடம் தொடங்கிவிடும், தொடங்கினால் முடிந்தும்விடும். கொஞ்ச நேரம் அவர் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் அவரை வைத்துக்கொண்டு அரிசி களைவேன்.